மிளகாய் தின்னாத லைன்

வாங்க என் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கம்பளியைக் கால்வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு சாக்கடையின் கதை சொல்லப் போகிறேன். மூக்கைச் சுளிக்க வேண்டாம். நல்ல கதைதான்.

நெல்லியாளத்துக்கு மேலே முள்ளிமட்டம் என்று ஒரு எஸ்டேட். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் ஏழாம் நம்பர் லைனில் வரிசையாக இருபத்திரண்டு வீடுகள். லைனைக் கூட்டுகிறவள் பிரியா. முப்பத்து மூன்று வயது. புருஷன் ரவிச்சந்திரனுக்கு ஃபாக்டரியில் தேயிலை வாட்டும் வேலை. பிரியா கூட்டினால் கூட்டின இடத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஆனால் அதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சாக்கடை சுத்தமாக இருந்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நாறினால்தானே கூட்டுகிறவள் பெயர் நினைவுக்கு வரும்.

முதன்முதலாக அதைச் சொன்னவள் ஃபர்ஹீன். ஊட்டி மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருக்கும் அப்துல் கையூமின் மகள். கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. ஐப்பசி மழையில், முகத்தில் மாஸ்க்கும் முழங்கால்வரை பூட்ஸுமாக வந்து இறங்கினாள். லைன் கடைசியில், எல்லா வீட்டுத் தண்ணீரும் கக்கூஸ் குழாயும் வந்து சேருகிற இடத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க்கா, இத்தன எஸ்டேட் சுத்தியிருக்கேன். இப்படிச் சுத்தமா ஒரு காவாயப் பாத்ததே இல்லீங்க."

பிரியாவுக்குக் காது மடல் சூடாகிப்போனது. "எதுக்குங்க மேடம் இந்தத் தண்ணி?"

ஃபர்ஹீன் பாட்டிலை முக்கிக்கொண்டே சொன்னாள். ஒருத்தன் உடம்பில் நோய் இருந்தால், அவன் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டாலும், நோயின் தடம் கக்கூஸ் வழியாக வெளியே வந்துவிடுகிறது. கொரோனா காலத்தில் பெரிய ஊர்களில் இப்படித்தான் சாக்கடையைச் சோதித்து, நோய் பரவுகிறதா என்று பார்த்தார்கள். அதற்கு முன்பே போலியோவுக்குச் செய்தார்கள். இப்போது ஒரே பாட்டில் தண்ணீரில் ஏழெட்டு நோயைத் தேட முடிகிறது. பாதாளச் சாக்கடை இல்லாத மலைக்காட்டில் எப்படித் தேடுவது என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"இருவத்திரெண்டு ஊட்டுக் கதவத் தட்ட வேண்டியதில்லீங்க்கா. இங்க குனிஞ்சாப் போதும்."

என்ன பெண்ணடா இவள் என்று பிரியா பார்த்துக்கொண்டே நின்றாள். குனிந்த முகத்தில் துளி அருவருப்பு இல்லை. பூப்பறிக்கிறவள் மாதிரி அல்லவா பாட்டிலை எடுத்து மூடினாள்.

இப்போது கேளுங்கள். லைனில் அப்போது காய்ச்சல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரும், காலையில் விடும். மழைக்காலத்தில் காய்ச்சல் வராதா என்று எல்லோரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ரவிச்சந்திரனும் அப்படித்தான், மூன்று வாரமாக. ரத்தம் பார்க்கச் சொன்னால், "ரத்தம் பாத்தா லீவு போடுன்னுவாங்க. நீ சும்மா இரு புள்ள" என்பான். தோள் எலும்பு சட்டைக்குமேல் தெரியத் தொடங்கியிருந்தது.

ஃபர்ஹீன் வருவதற்கு முந்தின நாளே போன் செய்துவிடுவாள். பிரியா விடியுமுன் எழுந்து சாக்கடையைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடரை இரண்டு கை கூடுதலாகவே தூவி வைப்பாள். விருந்தாளி வரும்போது வாசலில் கோலம் போடுகிறோமே, அப்படி. வருகிற பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கக் கூடாதே.

இரண்டாவது பாட்டிலும் போய், மூன்றாவது முறை வந்த ஃபர்ஹீன் சோர்ந்திருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. உங்க லைன்ல யாருமே மிளகா சாப்பிடறதில்லையா?"

பிரியா சிரித்தே விட்டாள். "நல்லாக் கேட்டீங்க மேடம். இங்க கருவாட்டுக் கொழம்பு வெச்சா மூணாம் லைன்ல தும்முவாங்க."

"அதான எனக்கும் புரியல. மிளகாச் செடிக்கு ஒரு வைரஸ் நோய் வரும். நம்மள ஒண்ணும் செய்யாது. கொழம்புல தின்னது அப்படியே வெளிய வந்துரும். மனுசங்க இருக்கற எந்தச் சாக்கடையிலயும் அது இருக்கும். அத வெச்சுத்தான் நாங்க எடுத்த தண்ணி சரியான தண்ணியான்னே பாக்கறது. உங்க தண்ணில அதுகூட இல்ல. மழத்தண்ணி கலந்திருச்சோ என்னமோ. அடுத்த வாரத்தோட இந்த எடத்த விட்டுட்டுச் சோலூர்ப் பக்கம் போகச் சொல்லிட்டாங்க."

மழையில்லை, தான் தூவின பவுடர்தான் என்று பிரியாவுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? வாழ்நாளில் அவள் சாக்கடைக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது. அந்தச் சுத்தம்தான் தப்பு என்று அவளே சொல்ல வேண்டுமா?

அன்று சாயங்காலம் ரவிச்சந்திரன் ஃபாக்டரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிரியா குனிந்து கழற்றிவிட்டாள். பாதம் கொதித்தது. எழுந்து போனை எடுத்தாள்.

"மேடம், நான்தான் பிரியா. நீங்க வர்றீங்கன்னு ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் போட்டுக் கழுவி வெச்சேங்க. நாத்தம் வரக் கூடாதுன்னு. என்னாலதாங்க உங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல. எங்க ஊட்டுக்காரருக்கு வாரக்கணக்காக் காய்ச்சலுங்க."

திட்டப் போகிறாள் என்று பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுங்க்கா" என்றாள் ஃபர்ஹீன். "எந்நேரம் வருவேன்னு சொன்னேன். எப்படி வெச்சிருக்கணும்னு சொல்லலயே. மொத நாள் பாத்தப்பவே கேட்டிருக்கணும். நாலு நாளைக்குக் கூட்டாம, பவுடர் போடாம இருக்க முடியுமா?"

கூட்டாமல் இருப்பது கூட்டுவதைவிடக் கஷ்டம் என்று பிரியாவுக்கு அந்த நாலு நாளில்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாலாமணி வாசலில் நின்றே ஆரம்பித்தாள்.

"என்னடி, கை சுளுக்கா? இல்ல ஆபீசரு வந்தாத்தான் விளக்குமாறு நகருமா?"

"நாத்தம் உங்க ஊட்டுக்குள்ள வராது, கதவச் சாத்துங்கக்கா."

"சாத்தித்தான இருக்குது. அப்பறமும் வருதே, சொந்தக்காரன் மாதிரி."

பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலாம் நாள் ஃபர்ஹீன் வந்தாள். இந்த முறை பாட்டில் இல்லை. காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியைச் சுருட்டி நூலில் கட்டி, நாறுகிற தண்ணீரில் முழங்கையளவு கைவிட்டு மூழ்க வைத்தாள். ஒரு நாள் முழுக்க ஓடுகிற தண்ணீரெல்லாம் அதில் படிந்து போகும் என்றாள். மறுநாள் வந்து அந்தக் கருத்த துணியைக் கைக்குழந்தையைப் போலத் தாங்கி எடுத்துப் பெட்டியில் வைத்தாள்.

அதிலிருந்து மூன்றாம் நாள் போன் வந்தது.

"மிளகா மூட்ட மூட்டயா இருக்குதுங்க்கா." அடுத்ததையும் சொன்னாள். "டைபாய்டும் இருக்குது. மேல சொல்லியாச்சு. காலைல ரத்தம் எடுக்க டீம் வரும். உங்க ஊட்டுக்காரர மொதல்ல உக்கார வைங்க."

காலையில் ரவிச்சந்திரன் வழக்கம்போல, "எனக்கென்ன" என்று சட்டையை மாட்டினான். பிரியா வாசலை மறித்து நின்றாள்.

"சாக்கடை சொல்லிருச்சுங்க. நீங்க சொல்லலைன்னாலும்."

அவன் அவளைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துவிட்டான்.

லைனில் எட்டுப் பேருக்கு டைபாய்டு இருந்தது. எட்டில் ரவிச்சந்திரன் ஒருத்தன். குடல் ஓட்டையாகிற கட்டத்துக்குப் போகாமல் தப்பித்தான், இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, சாக்கடைக்கு அடியில் போகிற குடிதண்ணீர்க் குழாய் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. குழாயை மாற்றினார்கள். பாலாமணியின் மகனும் அந்த எட்டில் ஒருத்தன். அவன் தேறி வந்த அன்று அவள் ஒரு சொம்பு நிறையக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொண்டுவந்து, "ஊட்டுக்காரருக்குக் குடு" என்று வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

சோலூருக்குப் போகுமுன் ஃபர்ஹீன் வந்து ஒரு தாளைக் காட்டினாள். இனிமேல் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் நிரப்ப வேண்டிய படிவம். அதில் புதிதாக இரண்டு வரி சேர்த்திருந்தார்கள்: கூட்டுபவர் பெயர், பவுடர் போடும் நாளும் நேரமும்.

"மொத ஆளா உங்க பேர எழுதித் தாங்க்கா."

பிரியா கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதினாள். அடுத்த வரியில் செவ்வாய், வெள்ளி, காலை ஆறு மணி என்று எழுதினாள்.

கதையைக் கேட்ட கண்ணுகளா, உங்கள் வீட்டில் படுத்தவர் எழுந்து நடக்கட்டும், நடப்பவர் நலமாய்த் திரும்பட்டும். குடிக்கிற தண்ணீர் அமுதமாகட்டும். உங்கள் வாசலைச் சுத்தமாக்கும் கை நோகாமல் இருக்கட்டும்.