பாய்க்கு வெளியே

"இன்னியிலேர்ந்து பிள்ளைங்க என்னையும் மிஸ்ஸுன்னுதான் கூப்பிடணும், மேடம். பாட்டு வட்டத்துலயும் எனக்கு ஒரு நாள் வேணும்."

சங்கமித்ரா கேட்டே விட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அக்கா சரளா வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக ஓதிக்கொண்டிருந்தாள். லீவு கேட்கலாம், பழைய துணி கேட்கலாம், மரியாதை கேட்டால் மட்டும் யசோவின் இடம் போய்விடும் என்பது சரளாவின் கணக்கு.

யசோதரா சரளாவின் மகள். இரண்டரை வயது. பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் மௌரீன் மேடம் தன் பெரிய வீட்டின் கீழ்த்தளத்தில் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில், சித்தி சங்கமித்ரா வேலை பார்க்கும்வரை அவளையும் காசு வாங்காமல் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. இல்லாவிட்டால் ஸ்ரீராம்புரம் சந்தில் கார்மென்ட்ஸுக்குப் போகிற மற்றப் பெண்கள் செய்வதுபோல, சரளாவும் பிள்ளையை முத்தம்மா வீட்டில் விட வேண்டியதுதான். முத்தம்மா நல்லவள்தான். ஒரே அறை, சந்துப் பிள்ளைகள் மொத்தமும் அதற்குள், காலையில் போட்ட டீவியைச் சாயங்காலம்தான் அணைப்பாள்.

மௌரீன் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "லிசன் சங்கமித்ரா, ஆயா வேலைன்னு சொல்லித்தானே உன்ன எடுத்தேன்?"

"அசிஸ்டென்ட்னு சொன்னீங்க. நான் பி.ஏ. சைக்காலஜி. ஷில்பா பி.யூ.சி.தான் முடிச்சிருக்கு, மேல ஒரு சின்ன கோர்ஸு. அது மிஸ். நான் ஆயா."

"அவ கைக்குப் பிள்ளைங்க வருது."

"என் கைக்குப் பிள்ளைங்களோட சூத்துதான் வருது."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நல்ல பெண்மணிதான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. "சரி. நாளைக்கு வட்டம் உன்னுது. பிள்ளைங்க உன்கிட்ட உக்காந்தாங்கன்னா பேசலாம்."

அந்த வீட்டில் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. கூடத்தின் நடுவில் ஒரு பெரிய சிவப்புப் பாய். அதில் பிள்ளைகள் உட்காரலாம், மிஸ் உட்காரலாம். பச்சை ஏப்ரன் கட்டியவர்கள் துடைப்பதற்கு மட்டும் அதில் கால் வைக்கலாம். பிள்ளைகள் பாட்டுப் பாடும்போது ஏப்ரன்காரி சுவரோரம் நிற்க வேண்டும், யாராவது ஒன்றுக்குப் போனால் ஓடிவர. சங்கமித்ரா ஜூனிலிருந்து சுவரோரம் நின்றாள். நின்று ஷில்பாவைப் பார்த்தாள்.

அப்படி ஒரு பார்வையைக் காதலன்கூடப் பார்த்திருக்கமாட்டான். ஷில்பா சம்மணம் போட்டு உட்காருகிற விதம், பேசுவதற்கு முன்னால் குரலைத் தாழ்த்துகிற விதம், ராஜ்மா போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலை மெல்ல ஆட்டி, "மழை வருதா? எங்க வருது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிற விதம். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நகர்ந்து நகர்ந்து அவள் முழங்காலை ஒட்டுவார்கள். ராஜ்மா பாட்டில் பெருமழை, அரிசி பாட்டில் தூறல். பாட்டில்கள் சங்கமித்ரா வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கலர் கலந்து கொடுப்பதும் அவள்தான். அந்தக் கஞ்சியில் பிள்ளைகள் இரண்டு கையையும் முழங்கைவரை விட்டு அளைந்து, காகிதத்தில் அப்பும்போது, "ஆயா, கொஞ்சம் துடைங்க" என்று ஷில்பா சொல்வாள். அவளே அப்புறம் தனியாக வந்து, "ஸாரி அக்கா, மேடம் இருந்தாங்க" என்பாள். அந்த ஸாரியைத்தான் சங்கமித்ராவால் தாங்க முடியவில்லை. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

பொறாமை பிள்ளைகள்மேலும் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை. கோலார் தங்கவயலில் அவள் படித்த பள்ளியில் உள்ளங்கையைப் பெயின்ட் வைப்பதற்காக யாரும் நீட்டச் சொன்னதில்லை. நீட்டு என்றால் ஸ்கேல் விழும். அப்பா பச்சைமுத்து சுரங்கத்திலிருந்து வந்த கையோடு உட்கார்ந்து, மகள் 'அ' எழுதுகிறாளா என்று பார்ப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கோடு நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். அப்படி வந்தது அந்த பி.ஏ. இங்கே என்னடா என்றால் கார் ஓட்டுகிறவன் மகனும் கார் வைத்திருக்கிறவன் மகளும் கஞ்சியை அளைந்துகொண்டிருக்கிறார்கள், அதற்குப் பெயர் படிப்பாம்.

அன்று இரவு அவள் கெட்டி அட்டையில் ஏ, பி, சி எழுதினாள். பக்கத்தில் ஆப்பிள், பந்து, பூனை. சரளா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கேட்டுட்டியா?" என்றாள்.

"கேட்டேன். குடுத்துட்டாங்க."

"குடுத்துட்டாங்களா?" சரளா நம்பவில்லை. "யசோவுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஆவாது. போய்த் தூங்கு."

மறுநாள் ஏப்ரன் கட்டாமல், கான்வகேஷனுக்குக் கட்டிய நீலப் புடவையில் வந்தாள். அட்டையைப் பாய்க்கு எதிரே சுவரில் மாட்டினாள். கையில் ஸ்கேல், அடிப்பதற்கு இல்லை, எழுத்தைக் காட்டுவதற்கு. "எல்லாரும் நேரா உக்காருங்க. கையக் கட்டுங்க. ஏ ஃபார்?"

பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள். "ஏ ஃபார் ஆப்பிள். சொல்லுங்க." விக்கி என்ற தடிப்பயல் மட்டும் "ஆயா, சூச்சூ" என்றான். இன்னொரு பெண்குழந்தை ஸ்கேலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது. ஒருவன் எழுந்து போனான், அவன் பின்னால் இரண்டு பேர். அவள் குரலை உயர்த்தினாள், அழுகை தொடங்கியது. ஒன்று அழுதால் எல்லாம் அழும். 'டி'க்கு வருவதற்குள் பாயில் மிஞ்சியவள் யசோ ஒருத்திதான். அவளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சமையலறைப் பக்கமிருந்து மெல்லிய சத்தம் வந்தது. ஷில்பா அரிசி பாட்டிலை ஆட்டிக்கொண்டே வந்தாள். அழுகை ஒவ்வொன்றாக நின்றது. எங்கெங்கோ போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். யசோ எழுந்து ஓடிப்போய் ஷில்பாவின் மடியில் ஏறினாள். சொந்த அக்கா மகள்.

"மொதல் நாள் எனக்கும் இப்படித்தான் அக்கா" என்று ஷில்பா யசோவின் தலைக்குமேல் மெதுவாகச் சொன்னாள். "ஹோகலி, விடுங்க."

மேடம் கதவோரம் நின்றிருந்தார். "டிரை பண்ணே, போதும். புடவை அழுக்காயிடும், ஏப்ரனப் போட்டுக்கோ."

சங்கமித்ரா ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, அப்புறம் பிள்ளைகள் அளைந்து முடித்த கஞ்சிப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த வேகத்தில் ஈயப்பூச்சே போயிருக்கும். ஸ்கேலைக் கொண்டுபோனது தப்பு, அது இப்போது தெரிந்தது. நின்றதும் தப்பு. பாயைக் கேட்டுச் சண்டை போட்டு, கிடைத்த அன்று அதில் அவள் உட்காரவே இல்லை. அவளுக்குச் சொல்லிக்கொடுத்த யாரும் உட்கார்ந்ததில்லையே, பிறகு எப்படித் தோன்றும்?

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது விளையாட்டு நேரம். யசோ மூலையில் தனியாகப் பொம்மைகளை வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு சிவப்புத் துண்டை விரித்து அதன்மேல் பொம்மைகளை வட்டமாக உட்காரவைத்திருந்தாள். நடுவே கரடி. கரடி கையில் ஒரு டப்பா. "மழை வதுதா? எங்க வதுது?" என்று கேட்டுவிட்டு, ஷில்பா மாதிரியே கழுத்தைச் சாய்த்துக் காத்திருந்தாள். அச்சு அசல் அதே காத்திருப்பு.

பிறகுதான் அந்த இன்னொரு பொம்மையைப் பார்த்தாள். துண்டுக்கு வெளியே, சுவரில் சாய்த்து நிற்கவைத்திருந்தது. இடுப்பில் ஒரு பச்சைத் துணி.

பக்கத்தில் உட்கார்ந்தாள். "இது யாரு யசோ?"

"சித்தி."

"சித்தி ஏன் அங்க நிக்கிறா? பாய்க்கு வரச் சொல்லேன்."

யசோ யோசிக்கவே இல்லை. "சித்தி ஆயா. ஆயா பாய்ல உக்காக்கூடாது." பொம்மை சரிந்து துண்டின்மேல் விழுந்தது. அவள் அதை எடுத்து, கோபம் எதுவும் இல்லாமல், ஒழுங்காகத் திரும்பச் சுவரோரம் நிறுத்தினாள். ஒரு பொருளை அதன் இடத்தில் வைப்பதுபோல.

யாரும் இதைக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மழையை எப்படிக் கற்றாளோ அப்படியே இதையும் கற்றிருக்கிறாள்.

சங்கமித்ரா எழுந்து ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். யசோவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். யசோ கையில் துடைக்காமல் விட்டிருந்த மஞ்சள் கஞ்சி நீலப் புடவையில் ஐந்து விரலாகப் பதிந்தது. அலமாரியிலிருந்து ராஜ்மா பாட்டிலையும் அரிசி பாட்டிலையும் எடுத்தாள்.

"எங்க போற?" என்றார் மேடம். "சாப்பாட்டு நேரம்."

"வேலைய விட்டுட்டேன்."

"கோவத்துல பேசாத. யசோ சீட்டு போயிடும், யோசிச்சுக்கோ."

"தெரியும், மேடம்."

ஷில்பா எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னாலதானா அக்கா?"

"ஆமா" என்றாள் சங்கமித்ரா. "நீ நல்லா சொல்லிக்குடுக்கற. அத என்னால பாத்துனு நிக்க முடியல." பாட்டில்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இது எங்க வூட்டு பாட்டில். ராஜ்மாவ வேணா கொட்டிட்டுப் போகட்டா?"

ஷில்பா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

சரளா இன்றைக்கு வீட்டை இரண்டாக்குவாள். ஆக்கட்டும். நாளையிலிருந்து வட்டம் முத்தம்மா வீட்டில். முத்தம்மா டீவியை அணைக்க ஒத்துக்கொள்வாளா என்பதுதான் பெரிய சண்டையாக இருக்கும். அதையும் போட்டுக்கொள்ளலாம். மைதாக் கஞ்சிக்கு எத்தனை கொதி என்று தெரியும், தூறலுக்கு எந்த பாட்டில் என்று தெரியும், கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் இப்போது தெரியும். முத்தம்மாவிடம் ஒரு கோரைப்பாய் இருக்கிறது. அதில் முதலில் சங்கமித்ராவே உட்காருவாள்.

கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். யசோ பாட்டிலுக்காகக் கை நீட்டினாள். பெருமழை பாட்டிலைக் கொடுத்துவிட்டு, சங்கமித்ரா திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.