மே மாதத்து நாற்பதாம் நாள்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள்ளேயே குனிந்து நிமிர்ந்து மனோகரிக்கு நாரி விட்டுப்போயிற்று. ஷாஃப்ஹவுசன் நகருக்கு வெளியே இருந்த அந்தப் பூங்கன்றுப் பண்ணையில், கண்ணாடிக் கொட்டகைக்குள் நின்ற ஜெரேனியச் சாடிகளை எல்லாம் வெளி மேசைகளில் அடுக்கச் சொல்லியிருந்தார் முதலாளி. ஞாயிறு அன்னையர் தினம். வெளியே பூத்துக் குலுங்கினால்தானே ரோட்டில் போகிற கார் நிற்கும்!

கூட வேலை செய்த மொன்சே சாடியைத் தூக்கியபடியே வானத்தை முறைத்தாள். கத்தலோனியாக் கடற்கரைக்காரி, வயது அறுபது, வாயைத் திறந்தால் பருவத்துக்கொரு பழமொழி. ஏப்ரலென்றால் ஆயிரம் மழை, மே என்றால் நாளுக்கொரு தூறல் என்று அவள் ஊர்ச் சொல்லெல்லாம் மனோகரிக்கு மனப்பாடம். இருவரின் ஜெர்மனும் நொண்டிதான். ஆனால் ஒருத்தி நொண்டுவது மற்றவளுக்கு அச்சொட்டாக விளங்கும்.

"மே நாற்பது வரைக்கும் கோட்டைக் கழட்டாதை எண்டு எங்கட ஊரிலை சொல்லுவினம்," என்றாள் மொன்சே.

"மே மாசத்திலை நாற்பது நாளோ? உங்களுக்கென்ன விசரே அக்கா?"

"ஜூன் ஒன்பதடி! அதுவரைக்கும் குளிரை நம்பேலாது. உங்கட ஊரிலை அம்மி பறக்கலாம், எங்கட மேயிலை நாற்பது நாள் இருக்கக்கூடாதோ?"

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று போன கிழமை சொல்லிக்கொடுத்தது மனோகரிதான். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சாடி நழுவப் பார்த்தது.

மொன்சே போய் முதலாளியிடமும் சொன்னாள். "அது உங்கள் கடற்கரைக் கதை," என்று அவள் தோளில் தட்டிவிட்டுப் போனார் அவர். மனோகரி வாயே திறக்கவில்லை. சீசன் வேலைக்காரரில் ஒருவரை நிரந்தரமாக்குவதாக அவர் சொல்லியிருந்தார். நிரந்தர வேலைக் கடிதம் கையில் இருந்தால்தான் யாழ்ப்பாணத்திலிருக்கும் வரதராசாவைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம். ஐந்து வருஷமாகப் புருஷனை ஸ்கைப்பில்தான் பார்க்கிறாள், பாவம்.

ஆனாலும் வேலை முடிந்து எல்லோரும் போனபின் அவளுக்கு மனம் கேட்கவில்லை. கொட்டகையில் கிடந்த வெள்ளை மூடுதுணியை இழுத்து வந்து சாடிகள்மேல் விரித்தாள். துணி பாதிக்குத்தான் காணுமாயிருந்தது.

விடியப் பார்த்தால் உறைபனி. துணிக்குக் கீழே நின்றவை பூவும் மொட்டுமாக நின்றன. மற்றப் பாதி, அவித்த கீரையாகத் தொங்கிப்போயிருந்தது.

"இதை மூடியது யார்?" என்று கேட்டார் முதலாளி. நன்றி சொல்லத்தான் கேட்கிறார் என்று மனோகரி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"யாரைக் கேட்டு மூடினீர்கள்? பனி வருமென்று தெரிந்திருக்கிறது! பிறகேன் மிச்சத்தைச் சாகவிட்டீர்கள்?"

மொன்சே மனோகரியின் சப்பாத்தை நறுக்கென்று மிதித்தாள். "நான்தான் மூடினனான். நேற்றே உங்களுக்குச் சொன்னனானெல்லே?"

அந்த உண்மைதான் அவருக்குச் சுருக்கென்று ஏறியது. முகம் சிவந்து, இன்றோடு உங்கள் வேலை முடிந்தது என்றார்.

உடுப்பு மாற்றும் அறையில் மனோகரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனக்கா பொய் சொன்னனீங்கள்? நான் போய் உள்ளதைச் சொல்லப்போறன்."

"பொத்து வாயை! புருஷனைக் கூப்பிடுற வழியைப் பார். எனக்கு வேறை இடம் கிடைக்கும்."

அறுபது வயதுக்காரிக்கு எந்த இடம் கிடைக்கும்? இருவருக்கும் தெரிந்த சங்கதிதான் அது. மனோகரி அவளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். போய்ச் சொல்லத்தான் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் நிரந்தர வேலைக் கடிதம் கைக்கு வந்தது. தப்பிப் பிழைத்த சாடிகளுக்கு அன்று ஒரே அடிபிடி. கடைசிச் சாடியை வாங்கிய பெண், "இதை இப்போதே பல்கனியில் வைக்கலாமா?" என்று கேட்டாள். முதலாளி பக்கத்திலேயே நின்றார். மே நாற்பதுக்கு இன்னும் ஒரு மாதமளவு கிடந்தது.

"ஓம், வைக்கலாம்," என்றாள் மனோகரி.

ஒரு சாடிக்கு ஒரு தாள் சுற்றுவதுதான் அங்கே வழக்கம். அவள் இரண்டு சுற்றினாள். மூன்றாவதை எடுத்தபோது, தாளை வீணாக்க வேண்டாம் என்றார் முதலாளி.