இரு தரப்புக்கும் ஒரே வக்கீல்

சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்துத் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்த வக்கீலம்மாவுக்கு, ரோமானியர் காலத்து அடிமைச் சட்டம் தலைகீழ்ப் பாடம். கோர்ட்டில் வாயை எப்போது மூட வேண்டும் என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை. அதைச் சொல்லித்தர வேண்டிய பேராசிரியரும் பாவம், கோர்ட் வாசலை மிதித்தவரில்லை.

மாதிரி நீதிமன்றப் போட்டியைப் பற்றித்தான் கல்லூரி பெருமையடித்துக்கொண்டது. காலையில் வாதிக்காக முழங்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து, அதே வழக்கில் பிரதிவாதிக்காக அதே சூட்டோடு முழங்க வேண்டும். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதல் வழக்கு சொந்தச் சித்தியுடையது. தையல் கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் வழக்குப் போட்டிருந்தார். தன் மகன் வியாபாரத்துக்கு இடம் வேண்டுமாம். கடை போனால் சித்திக்கு வேறு பிழைப்பில்லை.

வக்கீலம்மா பிரமாதமாகப் பேசினாள். பக்கத்திலேயே சொந்தக்காரரின் இன்னொரு கடை பூட்டிக் கிடப்பதைப் படத்தோடு காட்டினாள். நீதிபதி தலையாட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் கொட்டாவி விட்டார்.

"சரிம்மா, இதுக்கு அவங்க என்ன சொல்வாங்க?" என்று நீதிபதி பேச்சுவாக்கில் கேட்டார்.

போட்டியில் இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பெண் அதிகம். பழக்கதோஷம், நாக்கு தானாக ஓடியது.

"ஒப்பந்தப்படி உள்வாடகைக்கு விடக் கூடாது. ஆனா எங்க கட்சிக்காரர் கடையில ஒரு மூலைய பொத்தான் விக்கிற அம்மாவுக்கு விட்டிருக்காங்க. அதனால ஒப்பந்தமே முறிஞ்சுபோச்சுன்னு அவங்க வாதாடலாம், ஐயா."

சித்தி அவளிடம் மட்டும் சொன்ன விஷயம் அது. கட்சிக்காரரின் ரகசியம் காப்பது பற்றிய தாளில் கல்லூரியிலேயே அவள்தான் முதல்.

எதிர்த்தரப்பு வக்கீலின் கொட்டாவி பாதியில் நின்றது. "வக்கீலம்மா சொன்னதையே என் வாதமா எடுத்துக்கலாம், ஐயா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான் அவர் பட்ட பாடு.

கடையைக் காலி செய்ய உத்தரவானது. தாழ்வாரத்தில் அந்த வக்கீல் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி நடுநிலையோடு பேசும் வக்கீலை இதுவரை பார்த்ததில்லையாம்.

வக்கீலம்மா கையை விடுவித்துக்கொண்டு சித்தியிடம் போனாள். "சித்தி, நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நல்லாத்தான் பேசினே கண்ணு," என்றாள் சித்தி. "அந்தாளுக்குத்தான் ஒரு வக்கீல் இருந்தாரே. எனக்கு யாருமில்லன்னுதானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்."