அப்பாவின் சட்டி

அப்பா ஆஸ்பத்திரியில் மெஷின் தந்த மூச்சில் கிடந்தார். அம்மா நவராத்திரிக் கும்பத்துக்குப் பக்கத்தில், முளைத்தால் அவர் பிழைப்பார் என்று, அவர் பெயரில் தனிச் சட்டி ஒன்றில் விதை போட்டிருந்தாள். அது முளைக்கவில்லை என்று தினமும் போனில் அழுதவள், விஜயதசமியன்று நான் சூரிச்சிலிருந்து நொஷாட்டல் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அழவில்லை.

கும்பத்தடியில் பயறும் எள்ளும் தளதளவென்று நின்றன. அப்பாவின் சட்டியைக் கிண்டினேன். உமிதான் வந்தது. நசுக்கினால் உள்ளே ஒன்றுமில்லை.

"என்னத்தையம்மா விதைச்சனீங்கள்?"

"கொப்பா கோடையில வயல்கரையில முறிச்சுக்கொண்டு வந்த கதிர். அவரின்ர கைபட்ட கோதுமையெல்லோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தாவரவியல் படிக்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

"அது கோதுமையில்லை. கோதுமையும் காட்டுப்புல்லும் தானாக் கலந்து வாற புல். கதிர் வரும், மணி பிடிக்காது. ஆர் விதைச்சாலும் முளைக்காது! அப்பாவுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? 'இன்னும் கொஞ்சம் பாப்பம், முடிவு உங்கட' எண்டுதானே டொக்டர் சொன்னவர்?"

அம்மா சட்டியையே பார்த்தாள்.

"காலமை இதைப் பாத்திட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனனான், பிள்ளை. மெஷினைக் கழட்டச் சொன்னனான். மூச்சு நிக்குமட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."