பிரிக்காத பலகை

தரையில் ஒட்டிக்கிடந்த பிளாஸ்டிக் விரிப்பை மகள்தான் பிய்த்து எறிந்தாள். அதன் கிழிசலில் கால் மாட்டித்தான் அம்மா குப்புற விழுந்து நெற்றியைப் பெயர்த்துக்கொண்டாள். மகள் இழுத்த இழுப்பில் விரிப்பு வந்துவிட்டது, பசை திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. அடியில் இருந்த பலகைத் தரை பல் போன வாய் மாதிரி இளித்தது. இடுக்குகள், துருத்திய ஆணிகள், நடுவில் மிதித்தால் அமுங்கும் ஒரு பலகை.

"அப்பா, ஒரே பேச்சுதான். அம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விடுவேன். இந்தத் தரையில தடுக்காம நடந்தாங்கன்னா இங்க இருக்கட்டும். தடுக்குச்சுன்னா இல்லத்துல சேத்துருவேன். உங்களைக் கேட்டுட்டிருக்க மாட்டேன்."

"எந்த இல்லம்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

தெரியும். மறதி முற்றியவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் கட்டடம். அதன் கூரைக்குப் பலகை அடித்ததே அவர்தான்.

சென்ட்ரிங்காரர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். கான்கிரீட் ஊற்றும் முன் பலகை அடித்து முட்டுக் கொடுப்பார். இறுகியதும் பிரித்து அடுத்த கட்டடத்துக்குத் தூக்கிப் போவார். முழங்கால் தேய்ந்து வேலையை விட்ட பிறகும் வலது தோளில் பலகை சுமந்த காய்ப்பு அப்படியே இருந்தது.

மனைவிக்கு மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. பேரனைப் பார்த்து "இந்தப் பையன் யாரு, துறுதுறுன்னு இருக்கான்" என்பாள். ஆனால் புருஷனைத் தப்பாகச் சொன்னதில்லை. அது போதும் என்றிருந்தார் சென்ட்ரிங்காரர். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். குளிப்பாட்டுவார், தலை வாருவார், சோற்றைப் பிசைந்து கொடுப்பார். இல்லத்தில் யாரோ ஒருத்தி அவளைக் கைபிடித்துக் கழிப்பறைக்கு இழுத்துப் போவதை நினைத்ததும் சுத்தியலைத் தேடி எடுத்தார்.

முழங்காலுக்குப் பழைய துணியைக் கட்டிக்கொண்டு தரையில் இறங்கினார். முதலில் பசையைச் சுரண்டினார். அமுங்கிய பலகையை நெம்பிப் பார்த்தால், அடியில் தாங்கிய சட்டத்தின் முனை ஊறி மக்கிப் போயிருந்தது. கையால் கிள்ளினால் ஈரப் புண்ணாக்கு மாதிரி வந்தது. மக்கினதை வெட்டி எறிந்து, பக்கத்தில் ஒரு நல்ல சட்டத்தைச் சேர்த்துப் போல்ட்டுப் போட்டு முறுக்கினார். மேலே மாற்றுப் பலகை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது தகரம் வந்தான். கதவு ஜன்னல் செய்கிறவன். மெதுவாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். மரம் இழைக்கும் இழைப்புளியைச் சென்ட்ரிங்காரர் அவனிடம் இரவல் கேட்டிருந்தார்.

"என்ன மச்சான், ஆணித் தலையெல்லாம் எட்டிப் பாக்குது? நாளைக்கே பிரிக்கப் போறியா?"

குனிந்து பார்த்தார். ஒவ்வொரு ஆணியும் தலையை வெளியே விட்டுக்கொண்டு நின்றது. சென்ட்ரிங்கில் ஆணியை முழுக்க இறக்கக் கூடாது. பிரிக்கும்போது சுத்தியலின் கொக்கி பிடிக்க இடம் வேண்டும். கை தன்பாட்டுக்கு அதையே செய்திருக்கிறது.

"கை பழகிப்போச்சுடா."

"பழகுன கையை வெட்டிப் போடு. இதுல தங்கச்சியோட கால்விரல் மாட்டுச்சு, உம் மக உன்னையும் சேத்து அந்த இல்லத்துல தள்ளிடும்."

"தள்ளட்டும். நேரத்துக்குச் சோறாவது கிடைக்கும்."

"அதுவும் சரிதான். உன் சமையலுக்கு அது தேவலை." தகரம் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்: "இப்ப எப்படி இருக்கு தங்கச்சிக்கு?"

"இருக்கா."

தகரம் தன் பைக்குள் கையை விட்டான். தலை வெட்டிய தடித்த ஆணி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அதை ஆணித் தலைமேல் நிறுத்தி ஓர் அடி போட்டால் தலை மரத்துக்குள் அமிழ்ந்துவிடும். குழியில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பினால் ஆணி இருந்த சுவடு தெரியாது.

அவன் போன பிறகு சென்ட்ரிங்காரர் ஆணிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். வாழ்நாளெல்லாம் பலகை அடித்தாயிற்று. அதில் ஒன்றுகூட எந்தக் கட்டடத்திலும் தங்கவில்லை. கான்கிரீட் நிற்கும், பலகை வெளியே வரும். இது தங்கப்போகிற பலகை. அவள் மிதிக்கப்போகிற பலகை.

இடுக்குகளுக்கு மெல்லிய மரச்சீவல் செதுக்கி, பசை தடவி, தட்டி இறக்கினார். மேலே நின்றதை இழைத்தார். அவள் பிடித்து நடக்கும் வாக்கரின் கால் எந்த இடுக்கிலும் இறங்கிவிடக் கூடாது. முரட்டு உப்புத்தாள், பிறகு நயமான உப்புத்தாள். ஒவ்வொரு இடத்தையும் தேய்த்துவிட்டு உள்ளங்கையால் தடவினார். உள்ளங்கைத் தோல் மரத்துப்போனது, நம்ப முடியாது. அதனால் கன்னத்தை வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னங்க, மயங்கி விழுந்துட்டீங்களா?" என்று பதறினாள். அவருக்கே வெட்கமாகிவிட்டது.

வழுக்காத ரகமாகக் கேட்டு வாங்கிய வார்னிஷை அடித்ததும் மரத்தின் ரேகைகள் எழுந்து வந்தன. இத்தனை வருஷம் இதற்கு மேல்தான் அந்த அழுக்கு விரிப்பு கிடந்ததா என்று மலைத்துப் போனார். காய்ந்ததும் நாற்காலி, கட்டில், மேசை எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. மகள் அம்மாவைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவந்து வாக்கரைக் கொடுத்தாள். அம்மா உள்ளே பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஆனால் படி தாண்டவில்லை.

"வாம்மா, உள்ள வா," என்றார் சென்ட்ரிங்காரர்.

"இருக்கட்டும். எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க வீட்டை!" குனிய முடியாமல் குனிந்து, பலகையை விரல் நுனியால் தொட்டாள். "வழவழன்னு இருக்கே. யாரு செஞ்சது அண்ணே?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவருக்கு 'ஏங்க' தவிர வேறு சொல் இருந்ததில்லை. அவர் மகளைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் செஞ்சேன்."

"நல்ல கை உங்களுக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் பலகை வேலைதான். ஊரு முழுக்க அடிப்பாரு. எங்க வீட்டுத் தரையைப் பாக்கத்தான் மனுஷனுக்கு நேரமில்ல. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது." சிரித்தாள். உடனே முகம் மாறியது. "நான் கிளம்பறேன் அண்ணே. அவரு வேலை விட்டு வர்ற நேரம். வீடு பூட்டியிருந்தா வாசல்லயே நிப்பாரு. பசி தாங்க மாட்டாரு."

"அம்மா, இதுதாம்மா நம்ம வீடு," என்று மகள் தோளைத் தொட்டாள். அவள் அந்தக் கையை விலக்கினாள். வாக்கரைத் தெருப்பக்கம் திருப்பத் தொடங்கிவிட்டாள்.

சென்ட்ரிங்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவளிடம் அதுவரை பேசியிராத 'வாங்க போங்க' பேச்சு, நாக்கு முரண்டு பிடித்தது.

"அவரு வேலை பாக்குற எடத்துல இன்னிக்குக் கான்கிரீட் போடறாங்க. வர நேரமாகும். என்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு, நீங்க வந்தா உக்கார வைக்கச் சொல்லி. உள்ள வாங்க."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியுங்க. ஒண்ணாத்தான் வேலை பாத்தோம்."

முகம் தெளிந்தது. வாக்கரைத் தூக்கி உள்ளே வைத்தாள். ஒரு அடி, இன்னொரு அடி. வாக்கரின் ரப்பர் கால்கள் எங்கேயும் இறங்கவில்லை. பாதம் எங்கேயும் தடுக்கவில்லை. கூடத்தை முழுக்கக் கடந்து, ஜன்னலோர நாற்காலியை எட்டிவிட்டாள்.

"தடுக்காம நடக்குறாங்கப்பா," என்றாள் மகள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "இங்கயே இருக்கட்டும்ப்பா."

அவர் தலையாட்டினார்.

அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், விருந்தாளி உட்காருகிற மாதிரி. கீழே பார்த்தாள். கால் பட்டுத் தரை அழுக்காகிவிடக் கூடாதென்று இரண்டு பாதங்களையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டாள்.