வலது மடிப்பு

"உன் பக்கத்துல நின்னா எனக்குக் கால் வலிக்கறதே தெரியல." தொவாகோ இதை வகுப்புப் பையன் செகினேயிடம் சொன்னது ஆகஸ்டில், ஜப்பானின் நிகாத்தா ஆற்றங்கரைத் திருவிழாவில். மரச்செருப்பின் வார் அவள் விரலிடுக்கை அறுத்து ரத்தம் கசிந்திருந்தது. செகினே குனிந்து மன்னிப்புக் கேட்டு மறுத்துவிட்டு நண்பர்களோடு போய்விட்டான். இதை அவள் ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள்: தோழி மிஹாருவிடம்.

பள்ளியில் மங்கா எனும் படக்கதைகள் வரையும் மன்றத்தில் இருவருக்கும் ஒரே மேசை. தொவாகோ கதை சொல்வாள், மிஹாரு வரைவாள். நவம்பரில் பள்ளி விழாவுக்கு மன்றம் அச்சிட்ட இதழில் மிஹாரு தனியாக ஒரு கதை போட்டாள். திருவிழா, செருப்பு, அந்த வசனம், ஒரு சொல் மாறாமல். மறுநாள் பள்ளி வாசலில் காலணி அடுக்கின் பக்கத்தில் பையன்கள் காத்திருந்தார்கள்.

"என்ன தொவாகோ, கால் வலிக்குதா?"

"செகினேயைக் கூப்பிடுங்கடா, வலி போயிடும்."

பனி விழத் தொடங்குவதற்குள் செகினே மிஹாருவோடு ரயில் நிலையம் வரை நடந்துகொண்டிருந்தான்.

ஜனவரியில் மிஹாரு அந்தக் கதையைப் புதிதாக வரைந்து, தோக்கியோ வார இதழ் ஒன்றின் புதுமுகப் போட்டிக்கு அனுப்ப முடிவு செய்தாள். கதாநாயகி உடுத்திய யுகாத்தா என்னும் கோடை அங்கியில் பூ வேலைக்கு மை போட மன்றத்தில் தொவாகோவை விட்டால் ஆளில்லை.

"இன்னுமாடி கோவம்? வெறும் கதைதானே அது. இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் முடிச்சுக் குடு, நாளைக்குத் தபால்ல போட்டுடறேன்."

"கொண்டா."

முகம் கோணியிருக்கிறதா என்று பார்க்க, தாளைப் புரட்டி, அடியிலிருந்து ஒளிரும் விளக்குப் பலகைமேல் வைத்து மறுபுறத்தில் திருத்துவது மங்கா வரைகிறவர்களின் வழக்கம். அவசரத்தில் மிஹாரு புரட்டிய பக்கத்தையே படியெடுத்துவிட்டாள். முகம் அழகாக வந்திருந்தது. ஆனால் இடவலம் மாறி, யுகாத்தாவின் வலது மடிப்பு இடதின் மேல் ஏறியிருந்தது. பிணத்துக்குத்தான் அப்படி உடுத்துவார்கள். சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

தொவாகோ அதைச் சுட்டிக்காட்டவில்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பூவுக்கும் மை போட்டாள். மார்புக்குக் குறுக்கே போகும் மடிப்பின் ஓரத்தில் பூக்களை நெருக்கமாக வைத்தாள். நடுவர்களின் கண் அங்கேதான் நிற்க வேண்டும். உடுத்தக்கூடத் தெரியாதவள் என்று தோக்கியோ சிரிக்க வேண்டும்.

"எவ்ளோ அழகா இருக்குடி," என்றாள் மிஹாரு.

"உனக்காகத்தான்."

ஏப்ரலில் முடிவு வந்தது. மிஹாரு மன்ற அறைக்கு வந்து இதழை மேசையில் விரித்தாள். இரண்டாம் பரிசு. கீழே நடுவர் எழுதியிருந்தார்: "கடைசிப் பக்கத்தில் மடிப்பைக் கவனித்ததும் உடல் நடுங்கியது. அந்தப் பெண் தொடக்கத்திலிருந்தே இறந்தவள். பேய்க்குக் கால் இல்லை. அவளுக்கு வலி தெரியாததும் அதனால்தான்."

தொவாகோ இரண்டு முறை படித்தாள்.

"மடிப்போரமா பூவை நெருக்கி வெச்சிருக்கே. மாறிப்போனதை நீ பாத்திருக்கே," என்றாள் மிஹாரு. "பாத்துட்டுச் சும்மா இருந்திருக்கே."

"ஆமா."

"என்னை அசிங்கப்படுத்தவா?"

"எப்படிப் பண்ணணும்னு உங்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

மிஹாரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இதழின் ஆசிரியர் முந்தின நாள் தொலைபேசியில் பேசியிருந்தார். தொடராக வேண்டுமாம். மூன்று அத்தியாயங்களின் வரைவு மே பத்துக்குள் போக வேண்டும்.

"அடுத்து என்னன்னு எனக்குத் தெரியலடி. அவ செத்தவன்னே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். ஆனா கதை என் பேர்ல வரணும். உன் பேருக்கு மேல."

மிஹாரு பரிசுப் பக்கத்தை மூடி வைத்தாள். "சரி. சொல்லு."

தொவாகோ வெள்ளைத் தாளில் கட்டம் போட்டாள். "செத்தவ பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வர்றா. காலணி அடுக்குப் பக்கம் நிக்கறா. அவ ரகசியத்தை ஊருக்குச் சொன்ன தோழி அந்த வழியா வர்றா."

"தோழியை என்ன பண்றா?"

"ஒண்ணும் பண்ணல. கால் வலிக்குதான்னு மட்டும் கேக்கறா."

"செகினே?"

"அவன் ரெண்டாவது அத்தியாயத்துலயே போயிடுவான்." தொவாகோ பென்சிலை நீட்டினாள். "தோழிக்கு உன் முகத்தையே வரை. அவ சீக்கிரம் சாகமாட்டா. நூறு வாரம் ஓட்டணும்."