எங்கள் வீட்டுச் செருப்புகளின் ஞாபகசக்தி

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. என் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். அவள் தலைக்கு ஏதாவது ஆனால் என் கதி என்ன என்று யோசித்துப் பார்த்தால் இந்தச் சத்தியத்தின் கனம் உங்களுக்கே விளங்கும். அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் எழுந்து போய் வேறு வேலையைப் பார்க்கலாம். எனக்கு வருத்தமில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன ஊரில், நான் பராமரித்த கட்டடங்களில் ஒன்றிலேயே கம்பெனி எனக்கு வீடு கொடுத்தது. மேல் மாடி, கடைசிக் கதவு. அதற்கு மேல் மொட்டை மாடியும் லிஃப்ட் மோட்டார் அறையும்தான். மோட்டார் ஓடும்போதெல்லாம் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு எண்ணெய் போட வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவேன்.

லிஃப்டில் ஏறுகிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து தங்கள் காலையே புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானோ பெரும்பாலும் லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் நின்று வேலை பார்ப்பவன். என் கண் தரைமட்டத்தில் இருக்கும். ஆகவே அந்த ஊர் மனிதர்களை முழங்காலுக்கு மேலே எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

என் மனைவிக்கு அந்த அளவுப் பழக்கம்கூட இல்லை. பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருப்பாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகிறவர்கள் எங்கள் கதவைத் தாண்டித்தான் போவார்கள். வாளிச் சத்தம் வரும், போகும். ஒருவரும் நின்றதில்லை. எங்கள் மகள் குட்டி அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். சாயந்திரம் வந்ததும் எங்கள் செருப்புகளை எல்லாம் வாசலில் ஜோடி ஜோடியாக அடுக்கிவைத்துவிட்டு, உள்ளே ஓடிவந்து, காலி நாற்காலிகளைப் பார்த்து "வாங்க வாங்க, உக்காருங்க, காப்பி சாப்பிடறீங்களா?" என்று உபசாரம் செய்வாள். அவளுக்குத் தெரிந்த விளையாட்டு அது ஒன்றுதான்.

ஒரு சாயந்திரம் துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

"என்னங்க, இந்த வீட்டு வாசல்ல என்னைக்காவது அடுத்தவங்க செருப்பு கிடந்து பாத்திருக்கீங்களா?"

"நம்ம செருப்புக்கே அங்க இடம் பத்தல."

"கிண்டல் பண்ணாதீங்க. அத்தைன்னா யாரு, மாமான்னா யாருன்னு இவளுக்கு போன்ல காட்டித்தான் சொல்லித் தர்றேன். நேத்து என்ன சொல்றா தெரியுமா? 'அம்மா, அத்தைக்கு சார்ஜ் போடணும்'ங்கிறா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த சட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"முடிவாச் சொல்றேன். ஸ்கூல் லீவு விடறதுக்குள்ள, யாராவது ஒருத்தர் தானா வந்து நம்ம கதவத் தட்டணும். சும்மா நம்மளப் பாக்கணும்னு வரணும். இல்லன்னா நானும் குட்டியும் ஊருக்குக் கிளம்பறோம். திரும்பி வர்றதா இல்ல."

"கரண்ட் ரீடிங் எடுக்க வர்றாரே?"

"அவரு மீட்டரப் பாக்க வர்றாரு."

எனக்கு வேலையை விட்டுக் கிளம்ப வழியில்லை. அது அவளுக்கும் தெரியும். குட்டி என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். மறுநாளிலிருந்து அந்த விரலை மட்டும் ஸ்பானரில் நசுங்காமல் நான் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். இனி அது யாருக்கு உபயோகம் என்று ஒருபக்கம் தோன்றிக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் செருப்புகள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் என்னுடையது. அப்புறம் அவளுடையது. அப்புறம் கழுவி வெளியே காயவைத்திருந்த குளியலறைச் செருப்பு. புதிது வாங்கி வைத்தால் அதுவும் போனது. ஆள் வராத வாசலுக்குத் திருடன் மட்டும் வருகிறானே என்று மனைவி அதற்கும் சேர்த்து அழுதாள்.

ஒருநாள் தரைத்தளத்துக் குழியில் நின்று ஸ்பிரிங்குக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். என் மூக்குக்கு நேராக ஒரு ஜோடி கால் வந்து நின்றது. காலில் என் செருப்பு. வலது வார் அறுந்தபோது லிஃப்ட் பெல்ட் துண்டு வைத்து நானே தைத்தது. என் தையலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். அவ்வளவு மோசமாக இருக்கும். அண்ணாந்து பார்த்தேன். கட்டடத்துக் காவலாளி. இடுப்பில் எப்போதும் சாவிகள் தொங்குவதால் எங்கள் வீட்டில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். அவருடைய மொழியில் பேசியதை நம் பேச்சில் தருகிறேன்.

"அது என் செருப்பு."

"ஆமா மெக்கானிக்! உங்க வாசல்லதான் எடுத்தேன். என்னா சொகம்! ரொம்ப நன்றி."

"எடுக்கச் சொன்னது யாரு?"

அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "வெளிய வெச்சா வேணாம்னுதானே அர்த்தம்? மேசை, நாற்காலி, பூந்தொட்டி, எல்லாரும் அப்படித்தானே வெக்கிறாங்க. நீங்கதான் தினமும் வெக்கிறீங்க. மெக்கானிக் வீட்டுக்காரங்களுக்குத் தாராள மனசுன்னு பில்டிங் பூராவும் பேச்சு."

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இனிமே செருப்ப உள்ள வெச்சுக்கலாம்."

"என்னது? வெளிய போட்டு மிதிச்சிட்டு வந்தத நடு வீட்டுல வெக்கிறதா? போனாப் போகட்டும். செருப்பு வாசப்படி தாண்டக்கூடாது."

தாண்டவில்லை. எங்கள் செருப்புகள் அப்படி வளர்க்கப்பட்டவை. அந்த வளர்ப்பின் பலனை நாங்கள் அந்த வாரமே கண்டோம்.

அடுப்பில் பால் பொங்குகிற நேரம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் சாவிக்கொத்து நின்றுகொண்டிருந்தார். எங்களைவிட அவருக்குத்தான் அதிக ஆச்சரியம்.

"மன்னிச்சுக்கங்க. நான் பாய்லர் ரூமுக்குப் போயிட்டிருந்தேன். கால் இங்க இழுத்துட்டு வந்துடுச்சு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தச் செருப்பு எத்தனையோ காலமாக அதே நேரத்தில் என்னைக் காப்பிக்கு வீட்டுக்குக் கூட்டிவந்து பழகியது. உள்ளே இருக்கும் கால் யாருடையது என்று அது பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாசற்படி வந்ததும் தானாகக் கழன்று ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவர் உள்ளே வந்து காப்பி குடித்தார்.

அவர் போனதும் மனைவியைப் பார்த்து, "தட்டியாச்சே?" என்றேன்.

"இது செல்லாது. செருப்பு கூட்டிட்டு வந்தா அது அவரு வந்ததா ஆகுமா?"

நியாயத்தை நியாயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் தினமும் கூட்டம். குட்டியின் செருப்பு கீழ்மாடிச் சிறுமி ஒருத்தியின் காலுக்குப் போயிருந்தது. அவள் லிஃப்டின் எல்லாப் பட்டனையும் அழுத்திக்கொண்டு வந்து சேருவாள். அது குட்டியின் பழக்கம். மனைவியின் செருப்பு பியானோ டீச்சருக்குக் கிடைத்திருந்தது. தனியாக இருக்கும் அம்மாள், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அந்தச் செருப்பு அவரை முதலில் காய்கறிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிற்று. எல்லாவற்றுக்கும் விலை எழுதி ஒட்டியிருக்கும் கடை அது. அங்கே போய் அவர் பேரம் பேசியிருக்கிறார். கடைக்காரர் முடியாது என்றதும் விருட்டென்று திரும்பி வாசல் வரை நடந்து, கூப்பிடுகிறாரா என்று நின்று கேட்டிருக்கிறார். கூப்பிட்டுவிட்டார். கொசுறாகக் கொத்துமல்லிக் கட்டு ஒன்றும் கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், "எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. ஆனா ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

நான்காம் மாடி டாக்டர் மட்டும் வந்ததும் யாரிடமும் பேசாமல் நேராக எங்கள் குளியலறைக்குப் போய்விடுவார். பெரிய மனிதர், கழுத்தில் டை கட்டியவர். குளியலறைக் கதவருகே நின்று, "என்னை மன்னிக்கணும்" என்பார். அவர் எடுத்தது எந்தச் செருப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லோருக்கும் மனைவி காப்பி கொடுத்தாள். முதல் நாள் டம்ளரில். அப்புறம் டம்ளர் பற்றாமல் கிண்ணத்தில். பியானோ டீச்சருக்குத் தலைவலி என்றதும் சுக்கு அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டாள். டாக்டர் நடுங்கிப்போனார். சிறுமிக்குத் தலைவாரிப் பின்னினாள். ஆனால் ஒவ்வொரு நாளும் கதவைச் சாத்தியதும், "எல்லாம் செருப்போட வேல" என்பாள். சாத்திய கதவில் கை வைத்தபடியே கொஞ்சநேரம் நிற்பாள். பெட்டி கட்டுவதையும் அவள் நிறுத்தவில்லை.

குட்டி அவர்கள் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடவில்லை. ஒருமுறை பியானோ டீச்சரைப் பார்த்து வாய் வரைக்கும் வந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டாள்.

பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள்.

கிளம்புகிற அன்று காலை பெட்டிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. கீழே கார் வந்துவிட்டது. குட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி கதவைத் திறந்து வாசலைப் பார்த்தாள். முந்தின நாள் வாங்கிய செருப்பையும் காணோம்.

"வெறுங்காலோடவா ஊர் போய்ச் சேர்றது?"

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் நின்றுபோனது. நான்தான் நிறுத்தினேன் என்று பின்னால் ஒரு பேச்சு எழுந்தது. அபாண்டம். அப்போது என் ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் குட்டி.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முதலில் பியானோ டீச்சர் வந்தார். கையில் செருப்பு. கையில் செருப்போடு ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றால் நம் ஊராக இருந்தால் நான் பின்கதவைத் தேடியிருப்பேன். அந்த வீட்டுக்குப் பின்கதவு கிடையாது. அவருக்குப் பின்னால் சாவிக்கொத்து, டாக்டர், சிறுமி. எல்லோர் கையிலும் செருப்பு. கொஞ்சமும் பயப்படாமல் இருக்க நான் முயன்றேன்.

பியானோ டீச்சர் செருப்பை மனைவியின் முன்னால் கீழே வைத்தார்.

"ஊருக்குப் போறீங்களாமே. காவலாளி சொன்னாரு. செருப்பில்லாம எப்படிப் போவீங்க? அதான் குடுத்துட்டுப் போகலாம்னு..."



மனைவி செருப்பைப் பார்க்கவில்லை. அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், என் தொழில் அதுதானே. டாக்டரின் பளபளப்பான பேன்ட்டுக்குக் கீழே வெளுத்த வெறுங்கால். சிறுமியின் வெறுங்கால் விரல்கள் குளிரில் மடங்கியிருந்தன. ஒருவர் காலிலும் எதுவும் இல்லை.

"படியெல்லாம் வெறுங்காலோடவா ஏறி வந்தீங்க?" என்று கேட்டாள்.

"போட்டுட்டு வந்தா அது வழக்கம்போல செருப்பு கூட்டிட்டு வந்ததா ஆயிடுமே" என்றார் சாவிக்கொத்து. "உங்க கண்டிஷனத்தான் மெக்கானிக் ஒவ்வொரு மாடியிலயும் சொல்லிப் புலம்பினாரே."

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டம்ளர் அலமாரியைப் பார்த்தேன். லிஃப்ட் ஓடாததால் அது சத்தமில்லாமல் இருந்தது.

அவள் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம், ஊரிலிருந்து வந்த நாளாக நான் கேட்காத குரலில் அதட்டினாள்.

"என்னடி பாத்துட்டு நிக்கிற? அத்தை படியேறி வந்திருக்காங்க. தண்ணி கொண்டு வந்து குடு."

குட்டி என் விரலை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "அத்தை, வாங்க! உக்காருங்க! காப்பி சாப்பிடறீங்களா?" என்று ஓடிக்கொண்டே கேட்டாள். இந்த முறை நாற்காலிகள் பதில் சொல்லின. டாக்டர்தான் முதலில் "சாப்பிடறேன்" என்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் கூடத்தில் உட்கார்ந்தார்.

நான் கீழே போய்க் காரைத் திருப்பி அனுப்பினேன். திரும்பி வரும்போது லிஃப்ட் தானாகவே ஓடியது. எங்கள் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஜோடி மாறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கவிழ்ந்து, செருப்பாகக் கிடந்தது. உள்ளே ஒரே இரைச்சல். என்னுடையதையும் கழற்றி அந்தக் குவியலின் ஓரத்தில் விட்டுவிட்டுப் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். ஆரம்பத்தில் செய்த சத்தியத்தில் இப்போதும் எனக்கு மாற்றமில்லை. சந்தேகம் இருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து கேட்கலாம். வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தால் நான் உள்ளே இருக்கிறேன் என்று அர்த்தம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.